ஜூன் விடுமுறை க்ரூஸில் பினாங்கு, புக்கெட்: பிள்ளைகளோடு எந்தக் கடற்கரையில் குளிக்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு க்ரூஸ். வழியில் பினாங்கில் ஒரு நாள், புக்கெட்டில் ஒரு நாள். கூடவே 9 வயதிலும் 6 வயதிலும் பிள்ளைகள், 68 வயது அம்மா. கப்பலை விட்டு இறங்கும் அந்த ஏழெட்டு மணி நேரத்தில் பிள்ளைகள் கடலில் குளிக்க எந்தக் கடற்கரைக்குப் போவது?

பினாங்கில் கடலில் குளிக்க வேண்டாம். புக்கெட்டில் ஜூன் என்றால், மேற்குக் கரையில் குளிக்கக் கூடாது என்று சொல்லும் சிவப்புக் கொடி பறக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். என் பதில் இவ்வளவுதான். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இதே பயணம் நாங்கள் இரண்டு முறை போயிருக்கிறோம். முதல் முறை பிப்ரவரியில், சீனப் புத்தாண்டை ஒட்டி. அப்போது புக்கெட்டின் காத்தா கடற்கரையில் என் பையன் மூன்று மணி நேரம் தண்ணீரை விட்டு ஏறவே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் விரல் தெரிந்தது. என் மாமியார் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாம் முறை ஜூனில் போனோம். பிப்ரவரி நினைவிலேயே போனோம், அதுதான் தப்பு. காத்தாவுக்குப் போகும் வழியில் வரும் கரோன் கடற்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். வானம் பளிச்சென்று இருந்தது, மழையின் அறிகுறியே இல்லை. மணலில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. ஆனாலும் அதைத் தாண்டிப் பத்துப் பதினைந்து பேர் தண்ணீரில் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்து எங்களுக்கும் தைரியம் வந்தது.

இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவே பத்தடி பதினைந்தடி அகலத்தில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக இருந்தது. தண்ணீர் அங்கே கொஞ்சம் கலங்கலாக, மணல் நிறத்தில் இருந்தது. நுரை அதன்மேல் கரையை நோக்கி வராமல் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. "அம்மா, இங்க அலையே இல்ல, இங்க இறங்கலாம்" என்றான் பையன். என் கணவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆழத்துக்குத்தான் போனார். அடுத்த நிமிடம் இருவர் காலடியிலும் மணல் கரைந்து, பையன் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே கடலுக்குள் நகர்ந்தான். என் கணவர் மணிக்கட்டை விடவில்லை, ஆனால் அவரும் நாலைந்து அடி சறுக்கினார். விசில் சத்தம் கேட்டது. உயிர்காப்பாளர் ஓடி வந்து இருவரையும் பக்கவாட்டில் இழுத்து மேலே ஏற்றினார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அவர் எங்களைத் திட்டவில்லை. அந்த அமைதியான பட்டையைக் கையால் காட்டி, பிறகு கடலின் தூரத்தைக் காட்டி, தலையை ஆட்டினார். எனக்கு இப்போது எழுதும்போதும் கை கொஞ்சம் நடுங்குகிறது.

அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளமான இடத்தில் அது ஒரு வாய்க்கால் மாதிரி கடலுக்குள் ஓடுகிறது. பள்ளம் என்பதால் அங்கே அலை உடையாது. அதனால்தான் பார்வைக்கு அந்த இடமே பாதுகாப்பானதாகத் தெரியும். வேகமான இழுப்பு வினாடிக்கு 2 மீட்டருக்கு மேலும் போகும், எந்த நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. மிதந்தபடி கையைத் தூக்கி ஆட்ட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வர வேண்டும். இதை உங்கள் 9 வயதுப் பிள்ளைக்குக் கப்பலிலேயே, நீச்சல் குளத்தில் வைத்துச் சொல்லிக் கொடுங்கள். 6 வயதுப் பிள்ளைக்கு "இரண்டு பக்கமும் அலை அடிக்கும்போது நடுவே அலை இல்லாத இடத்தில் இறங்காதே" என்ற ஒரு வரி போதும்.

இப்போது மாதம். புக்கெட்டின் பேர் பெற்ற கடற்கரைகள் எல்லாம் மேற்குப் பக்கம் அந்தமான் கடலைப் பார்த்திருக்கின்றன: கமலா, பாத்தோங், கரோன், காத்தா, நை ஹார்ன். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்தக் கரைகளில்தான் வந்து மோதுகிறது. உள்ளூரில் மழை இருக்க வேண்டும் என்று இல்லை, எங்கோ நடுக்கடலில் கிளம்பிய அலை வெயில் நாளிலும் வந்து சேரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை காற்று மறுபக்கம் திரும்பிவிடும், அப்போது அதே கரைகள் குளம் மாதிரி கிடக்கும். இணையத்தில் நீங்கள் பார்க்கும் அழகான படங்களில் பெரும்பாலானவை அந்த மாதங்களில் எடுத்தவையாகத்தான் இருக்கும். நம் பிள்ளைகளின் நீண்ட விடுமுறைகளில் ஒன்று ஜூன், இன்னொன்று நவம்பர் கடைசியும் டிசம்பரும். கடலில் குளிப்பதுதான் பயணத்தின் நோக்கம் என்றால், பயணத்தை டிசம்பருக்கு மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். டிசம்பர் என்றால் நான் யோசிக்காமல் காத்தா என்பேன். கப்பல் பெரும்பாலும் நிற்கும் பாத்தோங்கிலிருந்து மலையைச் சுற்றி அரை மணி நேரம், மெல்லச் சரியும் மணல், எதிரே சின்னத் தீவு ஒன்று, பிள்ளைகளுக்கு ஏற்ற கரை.

ஜூனில்தான் போவீர்கள் என்றால் கிழக்குப் பக்கத்தைப் பாருங்கள். பன்வா முனையில் ஆவ் யோன் என்று ஒரு சிறு விரிகுடா இருக்கிறது. முனை அதைத் தென்மேற்குக் காற்றிலிருந்து மறைத்துக்கொள்வதால், மேற்கே சிவப்புக் கொடி பறக்கும் நாளிலும் அங்கே பெரும்பாலும் தண்ணீர் அடங்கியே இருக்கும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் சில கப்பல்கள் பாத்தோங்கில் நங்கூரம் போடாமல் கிழக்கே ஆவ் மக்காம் துறைமுகத்துக்குப் போவதும் உண்டு. அப்படி ஆனால் ஆவ் யோன் உங்களுக்குப் பக்கம்தான். பாத்தோங்கில் இறங்கினால் தீவைக் குறுக்கே கடக்க வேண்டும், வண்டியில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும்.

ஆனால் கிழக்குக் கரையில் நீர் ஏற்றமும் இறக்கமும்தான் எல்லாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இரண்டுக்கும் 2 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். தண்ணீர் வற்றிய நேரத்தில் போனால் கிழக்கே பல இடங்களில் பாறையும் சேறும்தான் மிஞ்சும். கப்பல் நிற்கும் தேதிக்குப் புக்கெட்டின் ஏற்ற நேரத்தைக் கைப்பேசியில் தேடினால் கிடைக்கும். ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரர் "ராவாய்க்குப் போகலாம், நல்ல கடற்கரை" என்றால் சாப்பிடப் போங்கள், குளிக்கப் போகாதீர்கள். அது நீளத் தண்டு மோட்டார் வைத்த வால்படகுகள் கட்டி நிற்கும் கரை, தண்ணீர் வற்றினால் வெகுதூரம் சேறுதான்.

பாத்தோங்கிலேயே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றும். விரிகுடா கொஞ்சம் மறைவானதுதான், கரோன் அளவுக்கு மோசம் இல்லை. ஆனால் ஜெட் ஸ்கீயும் பாராசெயிலிங் படகுகளும் ஓயாமல் கரைக்கு வந்துபோகும். தெற்குக் கோடியில் ஊர்க் கால்வாய் கடலில் கலக்கிறது, மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டு நட்டிருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவே மட்டும் இறங்கலாம். முழுச் சிவப்பு என்றால் கால் நனைப்பதும் வேண்டாம். கொடியே இல்லாத கரையைப் பாதுகாப்பான கரை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அங்கே உங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றுதான் பொருள்.

அப்புறம் கடிகாரம். இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும், ஆனால் கரையில் இறங்கியதும் உங்கள் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு கப்பல் நேரம் 5 மணிக்கு என்றால் கைப்பேசியில் 4 மணிக்கே நீங்கள் படகுத்துறையில் நிற்க வேண்டும். முந்தின இரவு அறைக்கு வரும் தினசரித் தாளில் எந்த நேரம் என்று போட்டிருப்பார்கள். நான் ஒரு சாதாரண முள் கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கையில் கட்டிக்கொள்வேன்.

நேரக் கணக்கும் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேர நிறுத்தம் என்றால், கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் டெண்டர் படகுக்குக் காத்திருந்து இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும். போகவர ஒன்றரை மணி நேரம், திரும்பும்போது கைவசம் ஒன்றரை மணி நேரம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு. தண்ணீரில் இருக்கக் கிடைப்பது மூன்று மணி நேரம். ஆகவே இரண்டு கடற்கரை பார்ப்பதெல்லாம் ஆகாது. போகவர ஒரே வண்டியைப் பேசி, காத்திருக்கச் சொல்லி, பணத்தைத் திரும்பி வந்து கொடுங்கள். வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீவுச் சுற்றுலா படகில் போக ஆசை இருந்தால் கப்பலே ஏற்பாடு செய்யும் சுற்றில் போங்கள். தாமதமானால் அதற்குக் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. ஜூனில் வேகப்படகில் பீபீ தீவு வரை போவதை, 68 வயது முதுகை நினைத்தால், நான் தவிர்ப்பேன்.

பினாங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பல் ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே கட்டும், டெண்டர் படகு கிடையாது. பத்து பெரிங்கி கடற்கரைக்கு 101 எண் பேருந்து போகும். மாலையில் மணலில் நடக்க நல்ல இடம். கடல்நீர் ஆண்டு முழுவதும் கலங்கல்தான். பெட்டி ஜெல்லிமீன் உட்படக் கொட்டும் ஜெல்லிமீன்கள் அந்தக் கரையில் வருகின்றன, கலங்கல் தண்ணீரில் அவை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீரில் ஆடியே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் தெலுக் பஹாங்கில் உள்ள எஸ்கேப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே இருக்கும் 1,111 மீட்டர் நீளக் குழாய்ச் சறுக்கு 2019இல் கின்னஸ் பட்டியலில் ஏறியது. மூடியிருக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அப்பாவோடு அங்கே அனுப்பிவிட்டு, அம்மாவைக் குவீன் தெருவில் 1833இலிருந்து இருக்கும் மாரியம்மன் கோவிலுக்கு அழைத்துப் போகலாம். துறையிலிருந்து நடந்து போகும் தூரம்தான், பக்கத்திலேயே லிட்டில் இந்தியா.

ஜெல்லிமீன் புக்கெட்டிலும் உண்டு. பையில் ஒரு சின்ன பாட்டில் வினிகர் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். கொட்டினால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. வினிகரைக் குறைந்தது 30 வினாடி ஊற்றிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தாய்லாந்தில் மருத்துவ அவசர எண் 1669, சுற்றுலாப் போலீஸ் 1155. பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சல் உடை போட்டால் வெயிலுக்கும் ஆகும், இதற்கும் ஆகும்.

கடைசியாக அம்மா. பாத்தோங்கில் இறங்கும்போது கப்பலுக்கும் டெண்டர் படகுக்கும் நடுவே ஒரு அடி தாண்ட வேண்டியிருக்கும். ஜூனில் படகு ஏறி இறங்கி ஆடும். பணியாளர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஆனாலும் முழங்கால் வலி இருப்பவர்களுக்கு அது எளிதில்லை. என் மாமியார் அந்த ஜூனில் படகைப் பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க" என்று கப்பலிலேயே இருந்துவிட்டார். காலையில் பத்தாம் மாடியில் உட்கார்ந்து தேநீர் குடித்தாராம், கப்பல் முழுக்கக் காலியாக இருந்ததாம். கரோனில் நடந்ததை அன்று இரவு சாப்பாட்டு மேசையில்தான் அவரிடம் சொன்னோம். பேரனைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார், சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் கையை விடவில்லை.