கம்பியும் காற்றும்: சீரியல் ஓடுகிறது, செல்போன் ஓடவில்லை

கேள்வி: எங்கள் வீடு அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகருக்கு வெளியே, இரண்டு குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் அறவே கிடையாது. அதனால் செல்போன் நிறுவனத்திடமே ஒரு சிக்னல் பூஸ்டர் பெட்டி வாங்கி, பிராட்பேண்ட் ரவுட்டரில் செருகி வைத்திருந்தோம். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. மே மாதம் புது ரவுட்டர் வாங்கினோம். அன்று முதல் பெட்டியில் ஒரு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. போனில் ஒரு கோடுகூட வருவதில்லை. செல்போன்காரர்கள் ரவுட்டரைக் குறை சொல்கிறார்கள். இணையக்காரர்கள் பெட்டியைக் குறை சொல்கிறார்கள். எத்தனையோ முறை அணைத்துப் போட்டுப் பார்த்தாகிவிட்டது. ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. நாங்கள் வேலைக்குப் போனபின் ஓர் அவசரம் என்றால் எப்படிக் கூப்பிடுவார் என்பதுதான் கவலை. மற்றபடி இணையத்தில் குறையில்லை. மாமியார் மதுரையில் பார்ப்பதுபோலவே இங்கும் சீரியல் பார்க்கிறார்.
– ஒரு வாசகி, பென்சில்வேனியா

பதில்: கடைசி வாக்கியத்தை என்ன நினைத்து எழுதினீர்களோ, நல்லவேளை எழுதினீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மாமியார். பெட்டி சரியாகும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவே அவருடைய போனில் ‘வைஃபை காலிங்’ என்ற அமைப்பைத் திறந்துவிடுங்கள்; டவர் இல்லாமல் வீட்டு வைஃபை வழியாகவே அழைப்பு போகும். அமெரிக்க சிம்மாக இருந்தால், திறக்கும்போது வீட்டு முகவரி கேட்கும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவிடாதீர்கள். 911-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ்காரர்களுக்குப் போவது அந்த முகவரிதான். ஊர் சிம்மோடு வந்திருந்தால் அதை நம்பாதீர்கள். உங்கள் பழைய போன் ஒன்றில் உள்ளூர் சிம் போட்டுக் கையில் கொடுங்கள்.

இனிப் பெட்டி. இதற்குப் பூஸ்டர் என்று பெயர் வைத்தவர் யாரோ, பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பம். பூஸ்டர் என்றால் வெளியே இருக்கிற மெல்லிய சிக்னலை வாங்கிப் பெரிதாக்குவது. உங்கள் பள்ளத்தில் வாங்குவதற்கே ஒன்றும் இல்லை. ரவுட்டரில் செருகும் இந்தப் பெட்டி ஒரு குட்டி டவர். ஊருக்கு நடுவில் நிற்கும் டவருக்குக் கீழே கண்ணாடி இழை போகிறது அல்லவா, அதற்குப் பதிலாக உங்கள் பிராட்பேண்டைப் பாதையாக வைத்துக்கொண்டு நிறுவனத்தின் வாசல்வரை ஒரு சுரங்கம் தோண்டுகிறது. சுரங்கத்தின் அந்த முனையில் ஒரு காவலாளி. அவன் சரி என்றால் விளக்கு நின்று எரியும். அவன் தலையசைக்காதவரை சிமிட்டல்தான். உங்கள் வீட்டில் ஓடுவது பெட்டிக்கும் காவலாளிக்கும் நடுவே நடக்கிற வழக்கு.

இரண்டு நிறுவனங்களும் ஒருவரையொருவர் கை காட்டுவது எனக்குப் புதிதில்லை. தொலைபேசித் துறையில் நான் சேர்ந்த காலத்தில், புகார் எண்ணான 198-க்கு அழைப்பு வந்தால் எக்ஸ்சேஞ்சுக்குள் இருப்பவர் ‘லைனில் தகராறு’ என்பார், கம்பி போடப் போனவர் ‘எக்ஸ்சேஞ்சில் தகராறு’ என்பார். எங்கள் மேலதிகாரி இருவரையும் திட்டமாட்டார். எம்.டி.எஃப். என்ற, ஊர்க் கம்பிகளெல்லாம் எக்ஸ்சேஞ்சோடு சேரும் பெரிய சட்டகத்தருகே நின்று, அந்த எண்ணுக்குரிய இணைப்பை நடுவில் பிரித்து, உள்பக்கம் ஒருமுறை, வெளிப்பக்கம் ஒருமுறை சோதிப்பார். ஒரு நிமிடத்தில் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

அதையே உங்கள் வீட்டில் செய்யலாம். பெட்டியை, அதன் கம்பியோடும் மின் இணைப்போடும் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். அவர்கள் ரவுட்டரில் செருகி, ஜன்னலோரம் வைத்து, இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். அங்கே விளக்கு நின்று எரிந்தால் பெட்டி நல்ல பெட்டி. தகராறு உங்கள் ரவுட்டரில். அங்கேயும் சிமிட்டினால் பெட்டியையோ, உங்கள் கணக்கையோ நிறுவனம்தான் பார்க்க வேண்டும். பேச்சு வளராது.

இரண்டு மணி நேரம் என்று சொன்னது சும்மா இல்லை. இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்குள் ஜி.பி.எஸ். இருக்கிறது. தான் எங்கே இருக்கிறோம் என்று வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அலையைக் கிளப்பும். அந்த அலைவரிசை நிறுவனம் காசு கொடுத்து உரிமம் வாங்கியது. உரிமம் உள்ள இடத்தில்தான் பயன்படுத்தலாம். அவசர அழைப்புக்கும் இடம் தெரிய வேண்டும். செயற்கைக்கோள் தன் முழுச் செய்தியையும் ஒருமுறை சொல்லி முடிக்கவே 12.5 நிமிடம் ஆகிறது. நடுவில் மரமோ, கூரையோ, உலோகப் பூச்சுப் பூசிய ஜன்னல் கண்ணாடியோ குறுக்கிட்டால் இன்னும் இழுக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் ‘எத்தனையோ முறை’ என்று எழுதியிருப்பதைப் படித்ததும் அந்தப் பெட்டிமேல் எனக்கு இரக்கமே வந்துவிட்டது.

புது ரவுட்டரை எங்கே வைத்தீர்கள்? அமெரிக்காவில் பல வீடுகளில் இணையக் கம்பி நிலவறைக்குள்தான் வந்து இறங்கும். பெட்டியையும் அதன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தால், நிலவறையிலிருந்து வானம் எப்படித் தெரியும்? நீளமான ஈதர்நெட் கம்பி ஒன்று வாங்கி மாடி ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள். 100 மீட்டர்வரை கம்பி தாங்கும். நீளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் கம்பியின் முனையிலுள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்தால் கம்பி செருகியதுபோலவே தெரியும், ஆனால் தொடர்பு விட்டு விட்டு வரும்.

வானம் தெரிந்தும் சிமிட்டினால், ரவுட்டரின் வாசல்கள். சுரங்கம் தோண்டப் பெட்டி பயன்படுத்துவது யு.டி.பி. என்ற அனுப்பும் முறையில் 500, 4500 என்ற எண்ணுள்ள போர்ட்டுகள், அதாவது வாசல்கள். கடிகாரத்தைச் சரிசெய்ய 123. பெயரைத் தேடி முகவரி கண்டுபிடிக்க 53. வெளியே போகிற வழியில் இவற்றைச் சாதாரணமாக எந்த ரவுட்டரும் மறிப்பதில்லை. ஆனால் ரவுட்டரின் காவல் அமைப்பான ஃபயர்வாலை ‘உச்சப் பாதுகாப்பு’ என்ற நிலையில் வைத்தால் சில ரவுட்டர்கள் இணையப் பக்கங்களுக்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும் வழிவிட்டு மற்றதையெல்லாம் மூடிவிடும். நடுநிலைக்கு இறக்குங்கள். ரவுட்டரிலேயே வி.பி.என். சர்வர் (வெளியிலிருந்து வீட்டு வலைக்குள் நுழையச் சுரங்கம் போடும் வசதி) என்று ஒன்று திறந்திருந்தால் அதையும் அணையுங்கள்; சில ரவுட்டர்களில் அது 500-ஆம் வாசலில் தானே உட்கார்ந்துகொள்ளும். ‘போர்ட் ஃபார்வர்டிங் செய்யுங்கள்’ என்று உறவினர் யாராவது அறிவுரை சொல்வார். வேண்டியதில்லை. கதவைத் தட்டப் போவது பெட்டி. வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை.

இன்னொரு தகராறு உண்டு, கண்டுபிடிக்கிறவனுக்குத் தலைவலி. விளக்கு பாதிவரை ஒழுங்காகப் போகும், சரியாக ஒரே இடத்தில் விழுந்து மறுபடி தொடங்கும். இது பார்சல் அளவுத் தகராறு. இணையத்தில் தகவல் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் அதிகபட்சம் 1500 பைட். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு நுழைகிற பி.பி.பி.ஓ.இ. வகை இணைப்பில் 8 பைட் அதற்கே போய், 1492. காவலாளியிடம் பெட்டி தன் அடையாளச் சான்றிதழை நீட்டுகிற அந்த ஒரு பொட்டலம் இதைவிடப் பெரிதாகிவிடும். அது இரண்டாக உடைந்து போகும். உடைந்த துண்டுகளைச் சில ரவுட்டர்கள் சந்தேகப்பட்டுத் தூக்கி எறிந்துவிடும். பாதிச் சான்றிதழைப் பார்த்து யார் உள்ளே விடுவார்? ரவுட்டரில் எம்.டி.யூ. என்ற, பொட்டலத்தின் அதிகபட்ச அளவைக் குறிக்கும் எண்ணை இணைப்புக்குத் தகுந்தபடி 1492 ஆக்கிப் பாருங்கள். உடைந்த துண்டுகளைத் தடுக்கும் அமைப்பு ஏதாவது ஃபயர்வாலில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் எழுதியது மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துத்தான். உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் முழுவதும் அந்தச் சீரியல்மேல். மதுரையில் பார்ப்பதுபோலவே பென்சில்வேனியாவில் எப்படிப் பார்க்கிறார்? பதிலை அச்சுக்குக் கொடுக்கும் முன் மின்னஞ்சலில் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது: ‘புது ரவுட்டரில் என் கணவர் ஒரு வி.பி.என். போட்டிருக்கிறார். டிவி இந்தியாவில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுமாம். அதற்கும் இதற்கும் என்ன?’

அதுதான் இது. இந்த வகை வி.பி.என். என்பது இணையப் போக்குவரத்தை வேறோர் ஊர் வழியாகத் திருப்பிவிடும் சுரங்கம். அதை ரவுட்டரில் போட்டால் டிவி மட்டும் இந்தியாவுக்குப் போவதில்லை. வீடே போகிறது, பெட்டியும் சேர்ந்து போகிறது. பெட்டி வானத்தைப் பார்த்து ‘நான் பிட்ஸ்பர்க்’ என்கிறது. அதன் பொட்டலங்கள் மும்பை முகவரியோடு வந்து நிற்கின்றன. காவலாளி கதவைச் சாத்திவிட்டான். போதாக்குறைக்குச் சுரங்கத்துக்குள் சுரங்கம் என்பதால் பார்சல் அளவும் சுருங்கிவிட்டது.

வி.பி.என்னை ரவுட்டரிலிருந்து எடுத்து டிவியில் மட்டும் போடச் சொன்னேன். அன்று மாலையே எழுதியிருந்தார்: ஐம்பது நிமிடத்தில் விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தது, மாமியார் சமையலறையிலிருந்து மதுரைக்குப் பேசினார், சீரியலும் தப்பியது.

நான்கு நாள் கழித்து இன்னொரு கடிதம். பகலில் பேச்சு தெளிவாக இருக்கிறது, இரவு எட்டு மணிக்குமேல் எதிரில் இருப்பவருக்கு வெட்டி வெட்டிக் கேட்கிறது. நம் பேச்சு அவர்களுக்கு உடைகிறது, அவர்கள் பேச்சு நமக்கு நன்றாக இருக்கிறது என்றால், மேலே ஏறும் பாதையில் நெரிசல். ஓர் அழைப்புக்கு உறை, முத்திரை எல்லாம் சேர்த்து 100 கிலோபிட் அளவு போதும். அதுவே எந்த பிராட்பேண்டுக்கும் தூசு. ஆனால் கேபிள் இணைப்புகளில் இறங்கும் பாதை அகலம், ஏறும் பாதை ஒற்றையடி. எட்டு மணிக்கு வீட்டில் எல்லோரும் வந்து சேர்ந்து, போன்கள் வைஃபையைப் பார்த்ததும் அன்றைய படங்களையும் வீடியோக்களையும் மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்குகின்றன. அந்த ஊர்வலத்துக்கு நடுவில் மாமியாரின் குரல் மாட்டிக்கொள்கிறது. ரவுட்டரில் ‘முன்னுரிமை’ என்ற பட்டியலில் பெட்டியை மேலே ஏற்றுங்கள். உங்கள் ரவுட்டரில் அது இல்லையென்றால், படம் ஏற்றும் வேலையை எல்லோரும் தூங்கியபின் நடக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும் மகன் இதுபோன்ற பெட்டி ஒன்றைக் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறான். எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு உண்டு, சிக்னல்தான் இல்லை.
– ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். அந்தப் பெட்டி அந்த நிறுவனத்தின் வேலைக்காரன். சிவகங்கை வானத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்ளும். வேலை செய்தாலும் வம்புதான்: உரிமம் இல்லாமல் அலை கிளப்பும் கருவியை வைத்திருப்பதே இங்கே குற்றம், 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அப்படி. வெளி சிக்னலை வாங்கிப் பெரிதாக்குவதற்கென்று இணையக் கடைகளில் கூரைமேல் வைக்கும் ஆன்டெனாவோடு விற்கிறார்களே, அந்த ரிப்பீட்டருக்கும் இதுவே பதில். நீங்கள் வாங்கிப் போட்டால் உங்களுக்கு நான்கு கோடு வரும், தெருவில் உள்ள மற்றவர்களுக்கு அழைப்பு அறுந்து போகும்.

ஃபைபர் இருக்கிறதென்றால் வைஃபை காலிங் போதும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இங்கே அதைத் தொடங்கின. தனிப் பெட்டி இல்லை, போனே சுரங்கம் தோண்டிக்கொள்ளும். வாசல்கள் அதே 500, 4500. ஆகவே மேலே பிட்ஸ்பர்க்குக்குச் சொன்ன ஃபயர்வால், எம்.டி.யூ. வைத்தியம் உங்களுக்கும் செல்லும். நம் ஊர் ஃபைபரில் பி.பி.பி.ஓ.இ. அதிகம் என்பதால் 1492-ஐ மறக்காதீர்கள்.

கேள்வி: வைஃபை காலிங்கில் பேசிக்கொண்டே வாசல் கேட்டைத் தாண்டினால் அழைப்பு அறுந்துவிடுகிறது. தெருவில் சிக்னல் நன்றாக இருக்கிறது.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: போனில் வோல்ட்டி என்ற, 4ஜி டவர் வழியே பேசும் அமைப்பு அணைந்திருக்கிறதா பாருங்கள். வைஃபையிலிருந்து டவருக்கு அழைப்பைக் கைமாற்றி வாங்கிக்கொள்வது அதுதான். அது திறந்திருந்தும் அறுந்தால், கேட்டருகே வைஃபை ஒரு கோட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். போன் அதை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நிற்கும். ‘வைஃபைக்கு முன்னுரிமை’ என்பதை ‘செல்போன் வலைக்கு முன்னுரிமை’ என்று மாற்றுங்கள்.

கேள்வி: 2012-இல் வாங்கிய பெட்டி. ரவுட்டர் மாறவில்லை, இடம் மாறவில்லை, ஒருநாள் சிக்னல் நின்றது. எதை மாற்றிப் பார்ப்பது?
– ஒரு வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: ஒன்றையும் மாற்றாதீர்கள். 2012-இல் வீடுகளுக்குக் கொடுத்தவை 3ஜி பெட்டிகள். பிரிட்டனில் 2023-லிருந்து நிறுவனங்கள் ஒவ்வொன்றாக 3ஜியை மூடிவிட்டன. சுரங்கத்தின் அந்த முனையில் காவலாளியே இல்லை. வைஃபை காலிங்குக்கு மாறிவிட்டுப் பெட்டியை மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள். மின் அடாப்டரை மட்டும், வோல்ட் எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, எடுத்து வையுங்கள். ரவுட்டரின் அடாப்டர் ஒருநாள் சாகும்போது, எண்கள் பொருந்தினால் உதவும்.