சொல்லாமல் வரக்கூடாது என்கிறார்களா?

எட்டு மாதக் குழந்தையை விடப் பார்த்த காப்பகத்தில் கேமரா, சுத்தம் எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் முன்கூட்டியே சொல்லாமல் பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல. வாசலில் அடையாளம் கேட்பது நல்லதுதான். பெற்றோரையே தடுப்பது வேறு.

வேறொரு காப்பகத்தைப் பாருங்கள். கேமராவைவிட ஆள் எண்ணிக்கை முக்கியம். ஒரு வயதுக்குள் என்றால் மூன்று, மிஞ்சினால் நான்கு குழந்தைக்கு ஒருவர் வேண்டும். இதை அலுவலக அறையில் கேட்காமல், பார்த்துக்கொள்பவர்கள் சாப்பிடப் போகும் மதிய நேரத்தில் போய் நீங்களே எண்ணுங்கள். அப்புறம் தூங்கும் அறை. மல்லாக்கப் படுக்க வைக்கிறார்களா, மெத்தை கெட்டியாக இருக்கிறதா, பாருங்கள். தலையணை, தளர்வான போர்வை, பொம்மை எதுவும் தொட்டிலில் கூடாது. விளம்பரப் படத்தில் அழகாகத் தெரியும் அந்தப் பஞ்சுத் தலையணை மூச்சை அடைக்கக்கூடியது.

டயப்பர் மாற்றியதும் கை கழுவுகிறார்களா, தொண்டையில் ஏதாவது அடைத்தால் முதலுதவி செய்யத் தெரிந்தவர் எப்போதும் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். உரிமத்தை நேரில் பாருங்கள், தேதியோடு.

பார்த்துக்கொள்பவர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்பதை மட்டும் நிர்வாகியிடம் கேட்டுப் பயனில்லை. மாலையில் குழந்தையை அழைக்க வரும் பெற்றோரிடம் கேளுங்கள்.