ஏணி எட்டுமா, வண்டி திரும்புமா? நகர்மன்றமும் கட்டட அனுமதியும்: கேள்வி பதில்

பதினேழு வருடம் ஒரு சின்ன நகர்மன்ற அலுவலகத்தில் பிளான் பார்க்கும் மேஜையில் இருந்தவன் நான். நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால், எண் சொல்லும்போது எந்த விதியில் உள்ளது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் மன்றத்தில் ஒரே கூட்டத்தில் தீயணைப்புக்கான பட்ஜெட்டும் ஐந்து மாடிக் குடியிருப்புக்கான அனுமதியும் வருகின்றன. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா சார்?

நிறைய உண்டு. ஆனால் அஜெண்டாவில் இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருப்பதால் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. எங்களுக்கும் இதே மாதிரி ஒரு ஃபைல் வந்தது. செட்பேக் (மனை எல்லையில் இருந்து விட வேண்டிய காலி இடம்), பார்க்கிங், மழைநீர் வடிகால் எல்லாம் கச்சிதம். நானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். தீர்மானம் நிறைவேறப் போகிற நேரத்தில் ஒரு கவுன்சிலரம்மா எழுந்து, "நம்மகிட்ட இருக்கிற ஏணி எத்தனை மாடிக்கு எட்டும்?" என்று கேட்டார். மூன்று மாடிக்குத்தான். பெரிய ஏணி வண்டி பக்கத்து ஊரில் இருந்து வர வேண்டும். அதைக் கேட்பதற்கு என் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது! கடைசியில் இரண்டாவது படிக்கட்டும், எல்லா மாடிக்கும் தண்ணீர் தெளிப்பான்களும் வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். பில்டர் முணுமுணுத்தார், ஆனால் கட்டினார். உங்கள் கூட்டத்திலும் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

கேள்வி: எங்கள் தெரு முட்டுச்சந்து. கார் தாராளமாகப் போகிறது. தீயணைப்பு அதிகாரி மட்டும் ஆட்சேபம் எழுதியிருக்கிறார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாரா?

இல்லை. அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் சர்வதேசத் தீ விதித்தொகுப்பில் வண்டிப் பாதைக்குத் தடையில்லாத 20 அடி அகலமும் 13 அடி 6 அங்குல உயரமும் கேட்கிறார்கள். முட்டுச்சந்து 150 அடிக்கு மேல் நீண்டால் வண்டி திரும்ப இடம் விட வேண்டும். கார் போகிறது என்பது இதில் கணக்கே இல்லை. தீயணைப்பு வண்டி அந்த நீளம் முழுக்க இருட்டில் ரிவர்ஸில் வர முடியுமா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. பிளானில் 20 அடி இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். நான் அளந்த ஒரு தெருவில் இரண்டு பக்கமும் கார் நின்றதில் மிச்சம் 11 அடி. அதற்கு மேல் ஒரு பால்கனி சாய்ப்பு வேறு. பகல் பதினொரு மணிக்கு சைட் பார்க்கப் போவதை அதற்குப் பிறகு விட்டுவிட்டேன்.

கேள்வி: ஆம்புலன்ஸ் சராசரியாக ஏழு நிமிடத்தில் வந்துவிடுகிறது, புது நிலையம் வேண்டாம் என்கிறார் தலைவர். சரிதானே?

சராசரியை நம்பாதீர்கள். நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்கு இரண்டு நிமிடத்திலும் ஊர்க்கோடிக்குப் பன்னிரண்டு நிமிடத்திலும் போனாலும் சராசரி ஏழுதான். பத்து அழைப்பில் ஒன்பதுக்கு எத்தனை நிமிடத்துக்குள் போனீர்கள் என்று கேளுங்கள். அமெரிக்காவில் முழுநேரத் தீயணைப்புத் துறைகளுக்கான தரநிலை அப்படித்தான் அளக்கிறது: தீ அழைப்பு என்றால் கிளம்ப 80 வினாடி, முதல் வண்டியின் பயணத்துக்கு 240 வினாடி, அதுவும் 90 சதவீத அழைப்புகளில். தன்னார்வலர்களை நம்பியிருக்கும் ஊர்களுக்கு வேறு தரநிலை; அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதையும் கேளுங்கள். போன் எடுத்ததில் இருந்தா, வண்டி கேட்டைத் தாண்டியதில் இருந்தா? அறிக்கைகளில் பாதி வித்தை அங்கேதான். மாரடைப்பில் இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி முதலுதவி செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

கேள்வி: கவுன்சிலர் என் மாமா. சொன்னால் அனுமதி சீக்கிரம் கிடைக்குமா?

விதிக்குள் அடங்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் அதிகாரியே அனுமதி கொடுத்துவிடுவார், மாமா வரை போகவே வேண்டாம். விதிவிலக்கு, நிலப் பயன்பாட்டு மாற்றம் மாதிரி விஷயங்கள்தான் மன்றத்துக்கு வரும். அப்போது உங்கள் மாமா உறவைச் சொல்லிவிட்டு ஓட்டுப் போடாமல் வெளியே போவதே முறை. உட்கார்ந்திருந்தால் நாளைக்கு உங்கள் அனுமதிக்கே வழக்கு வரும்.

கேள்வி: அனுமதி வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இன்னும் வேலை தொடங்கவில்லை.

உடனே தாளை எடுத்துத் தேதியைப் பாருங்கள். அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பில் 180 நாளுக்குள் வேலை தொடங்காவிட்டால் அனுமதி காலாவதி. நீட்டிப்பு வேண்டுமென்றால் காரணத்தோடு எழுதிக் கேட்க வேண்டும். கெடு முடிவதற்குள் கேட்டால் வேலை சுலபம்.

கேள்வி: உள்ளே ஒன்றும் இடிக்கவில்லை, வெளிச்சுவரில் அழகுக்குப் பலகை மட்டும் ஒட்டுகிறோம். இதற்கும் அனுமதியா?

லண்டனில் கிரென்ஃபெல் என்ற 24 மாடிக் கட்டடத்துக்கும் புதுப்பிப்பில் வெளிப்புறப் பலகைகள்தான் ஒட்டினார்கள். 2017 ஜூன் 14 அன்று நான்காவது மாடியில் ஒரு ஃபிரிட்ஜில் பிடித்த தீ, அந்தப் பலகைகள் வழியாகவே மேலே ஏறியது. 72 பேர் இறந்தார்கள். பலகையின் பொருள் விவரத்தோடு விண்ணப்பம் கொடுங்கள்.

கேள்வி: பக்கத்து ஊரோடு பரஸ்பர உதவி ஒப்பந்தம் இருக்கிறது. நமக்கென்று வண்டி எதற்கு?

ஒப்பந்தம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் புயல் ராத்திரியில் அவர்கள் ஊரிலும் மரம் விழுந்திருக்கும். அவர்களுடைய வண்டியும் வெளியே போயிருக்கும்.

கேள்வி: பணி நிறைவுச் சான்று தர வந்தவர் வீட்டு எண் சின்னதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். இது அநியாயம் இல்லையா?

முன்பு சொன்ன தீ விதித்தொகுப்பிலேயே எண்ணுக்குக் குறைந்தது 4 அங்குல உயரம் கேட்கிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்து வாசல் வாசலாகத் தேடின ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவரை எனக்குத் தெரியும். பித்தளையில் பூவேலை எழுத்து வேண்டாம். சுவர் வெள்ளை என்றால் எண்ணைக் கறுப்பில் போடுங்கள், தொட்டிச் செடியை நகர்த்தி வையுங்கள். அடுத்த தடவை சான்று கிடைத்துவிடும்.