கிடா வாட்டசாட்டமாகத்தான் இருக்கிறது, குட்டி ஏன் குறைகிறது?

குடியாத்தம் பக்கம் வெண்பன்றி வளர்க்கும் அண்ணன் ஒருவர் கேட்கிறார்: புதிதாக வாங்கிய ஆண் பன்றி (கிடா) நன்றாகச் சேர்கிறது, விந்துப் பரிசோதனையும் சரி. ஆனால் அதோடு சேர்ந்த ஆறு பன்றிகளும் நாலைந்து குட்டிதான் போட்டன. போன ஈற்றில் வேறு கிடாவுக்கு இதே பன்றிகள் பத்து போட்டவை. தீவனத்தை மாற்றலாமா?

தீவனத்தை விடுங்கள் அண்ணே. முதலில் ஈற்றுக் கணக்கு நோட்டைப் பாருங்கள். நம் வேலூர் வெயிலே குட்டியைக் குறைக்கும், பார்வோ வைரஸும் குறைக்கும். ஆனால் வெயில் என்றால் அதே மாதத்தில் மற்ற கிடாக்களுக்குச் சேர்ந்த பன்றிகளும் அடிபட்டிருக்கும். பார்வோ என்றால் குட்டிகளோடு கருத்துச் சுருங்கிய பிண்டங்களும் விழுந்திருக்கும். இரண்டும் இல்லை, இந்த ஒரு கிடாவுக்கு மட்டும்தான் குறைகிறது என்றால் எனக்குச் சந்தேகம், உடலின் ஒவ்வொரு அணுவிலும் மரபுக்குணங்களைச் சுமக்கும் குரோமோசோம் மேல்தான்.

பன்றிக்கு 38 குரோமோசோம், அதாவது 19 ஜோடி. சில பன்றிகளில் இரண்டு வெவ்வேறு குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கும். எதுவும் தொலைந்துபோகவில்லை என்பதால் கிடாவுக்கு ஒரு குறையும் தெரியாது. விந்தணு உருவாகும்போது குரோமோசோம்கள் பாதியாகப் பிரியுமே, அங்கேதான் சிக்கல்: சில அணுக்களுக்கு ஒரு துண்டு கூடுதலாகவும் இன்னொன்று இல்லாமலும் போய்விடும். அந்த அணுவும் நன்றாகவே நீந்தும், கருவும் கூட்டும். அதனால்தான் சாதாரண விந்துப் பரிசோதனையில் இது சிக்குவதில்லை. கரு மட்டும் முதல் சில வாரங்களிலேயே செத்து கருப்பையிலேயே கரைந்துவிடும். நாம் பார்ப்பது மிஞ்சிய குட்டிகளைத்தான்.

இது 1964லேயே ஸ்வீடனில் கண்டுபிடிக்கப்பட்ட சங்கதி. பிரான்சில் விந்து நிலையத்துக்குப் போகும் இளம் கிடாக்களைச் சோதித்ததில் ஏறக்குறைய 200க்கு ஒன்று இப்படி இருந்தது.

உறுதி செய்ய ரத்தப் பரிசோதனைதான் வழி. ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்ட குழாயில் எடுத்த ரத்தத்தை, ஐஸாக உறையவிடாமல் அனுப்ப வேண்டும். வெள்ளணுக்களை மூன்று நாள் வளர்த்துப் பார்ப்பார்கள். எந்த ஆய்வகம் எடுத்துக்கொள்ளும் என்று உங்கள் கால்நடை மருத்துவர் மூலம் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் ரத்தம் எடுங்கள்.

இருப்பது உறுதியானால் மருந்து கிடையாது, கிடாவைக் கறிக்குத் தள்ளிவிட வேண்டியதுதான், கறிக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. உயிரோடு பிறந்த குட்டிகளில் சுமார் பாதிக்கும் இதே கோளாறு இருக்கும், அதுகளும் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆணோ பெண்ணோ எதையும் இனவிருத்திக்கு நிறுத்தாதீர்கள். இந்தக் கோளாறு சில சமயம் புதிதாகவும் வரும், ஆனாலும் விற்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இதன் கூடப்பிறந்த கிடாக்கள் எந்தெந்தப் பண்ணைக்குப் போயினவோ.