வில் செய்ய ஈட்டி மரம்: கூடலூரில் எப்படி வாங்குவது?

கையால் வில் செய்ய நீலகிரி மாவட்டக் கூடலூர்ப் பக்கம் ஈட்டி மரம் (ரோஸ்வுட்) கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்கும் ஈட்டி மரத்தை வெட்ட நினைக்கவே வேண்டாம். பட்டா நிலத்தில் இருந்தாலும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் ஒரு குச்சிகூட எடுக்கக் கூடாது.

உண்மையில் வளையும் பகுதிக்கு ஈட்டி தேவையே இல்லை. அழகுக்காகக் கைப்பிடியில் ஒரு சிறு ஈட்டிக் கட்டை ஒட்டினால் போதும். அதற்குப் பழைய கட்டில், அலமாரி உடைத்த துண்டுகளே நல்லது. அவை நன்றாகக் காய்ந்திருக்கும்.

வளைவதற்கு என் தேர்வு கல் மூங்கில். நாணை இழுக்கும்போது வில்லின் இலக்குப் பக்கம் இழுபடும், நம் பக்கம் அழுந்தும். மூங்கிலில் வெளித்தோலை ஒட்டித்தான் நார் நெருக்கமாக இருக்கும். அதனால் தோல் பக்கம் இலக்கைப் பார்க்கட்டும். சீவுவதெல்லாம் உள்பக்கத்தில் மட்டும். கணுவைச் சமமாக்குகிறேன் என்று இழைத்தால் நார் அறுந்து அங்கேதான் முறியும். தடசு மரமும் நன்றாக வளைந்து கொடுக்கும், நார் நேராக ஓடும் துண்டாகப் பாருங்கள்.

அப்புறம், ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர் மழையில் எந்த மரமும் சரியாகக் காயாது. முனைகளில் மெழுகு பூசி, நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். மரத்தின் ஈரப்பதம் 10 சதவீதத்தை ஒட்டி இறங்கிய பிறகு உளியை எடுங்கள். எதை வாங்கினாலும் பில்லைப் பத்திரப்படுத்துங்கள், வனத்துறைச் சோதனைச்சாவடியில் கேட்பார்கள்.