அப்பாவுக்கு 80% அடைப்பு, ஸ்டென்ட் இப்பவே வைக்கணுமா? – மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர், எங்க அப்பாவுக்கு 61 வயசு. ஆறு மாசமா மாடி ஏறினா நெஞ்சுல ஒரு இறுக்கம், ரெண்டு நிமிஷம் நின்னா சரியாயிடுது. ட்ரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்துச்சு, ஆஞ்சியோ பண்ணதுல வலது பக்க குழாய்ல 80% அடைப்பாம், ஸ்டென்ட் வச்சிடலாம்னு சொல்றாங்க. தம்பி எதையோ படிச்சிட்டு வந்து, ஸ்டென்ட்டும் மாத்திரையும் ஒண்ணுதான்னு ஆராய்ச்சியே சொல்லுது, வேணாம்ங்கறான். அம்மா தூங்கறதே இல்ல. யார் சொல்றதைக் கேக்கறது?

பதில்: உங்க தம்பி படிச்சது பொய் இல்லம்மா, ஆனா பாதிதான் படிச்சிருக்காரு.

முதல்ல ஒண்ணு. ஹார்ட் அட்டாக் வந்து குழாய் முழுசா அடைச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு ஸ்டென்ட், அதாவது அடைச்ச குழாயை விரிச்சு வைக்கற சின்ன வலைக் குழாய், உயிர் காக்கற விஷயம், அதுல சந்தேகமே வேணாம். அப்பாவோடது அந்த கேஸ் இல்ல. ஆறு மாசமா ஒரே மாதிரி, ஏறினா வருது நின்னா போகுது, இதுக்கு ஸ்டேபிள் ஆஞ்சைனான்னு பேரு. தம்பி சொல்ற ஆராய்ச்சி இந்த மாதிரி ஆளுங்களை வச்சு செஞ்சதுதான்.

அதுல பெருசு 2020ல வெளியான இஸ்கீமியா ட்ரையல். 37 நாடு, 5179 பேர், எல்லாருக்கும் டெஸ்ட்ல ரத்த ஓட்டக் குறைவு மிதமாவோ அதிகமாவோ இருந்துச்சு. பாதிப் பேருக்கு மாத்திரையோட சேத்து ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் இல்லன்னா பைபாஸ், மீதிப் பேருக்கு நல்ல மாத்திரை மட்டும், முடியலன்னா அப்புறம் ஸ்டென்ட். முடிவுல இறந்தவங்க எண்ணிக்கை ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் 145, மாத்திரை பக்கம் 144. ஹார்ட் அட்டாக், இதயம் சம்பந்தமான இறப்பு, இதுக்காக ஆஸ்பத்திரில சேர்றது எல்லாத்தையும் சேத்துப் பாத்தாலும் அஞ்சு வருஷத்துல அதே வரிசைல 16.4%, 18.2%, பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாது.

80% அடைப்பைத் தொறந்து விட்டும் எப்படி வித்தியாசம் இல்லன்னு தோணும். நாங்க படிக்கிற காலத்துல எங்களுக்கும் தண்ணி பைப்புல அழுக்கு அடைச்ச மாதிரின்னுதான் மனசுல பதிஞ்சிருந்துச்சு. ஆனா பல ஹார்ட் அட்டாக் வர்றது எப்படின்னா, குழாயோட சுவருக்குள்ள கொழுப்பு கட்டி பரு மாதிரி இருக்கும், அது ஒரு நாள் வெடிக்கும், வெடிச்ச இடத்துல ரத்தம் உறைஞ்சு நிமிஷத்துல அடைச்சிடும். அந்த பரு 40% இடத்துலயும் இருக்கலாம், ஆஞ்சியோ படத்துல யாரும் அதைத் திரும்பிக்கூட பாத்திருக்க மாட்டாங்க. ஸ்டென்ட் ஒரு இடத்தைத்தான் சரி பண்ணும், கொலஸ்ட்ராலைக் குறைக்கற ஸ்டேட்டின் மாத்திரையும் ஆஸ்பிரினும் எல்லாக் குழாயிலயும் வேலை செய்யும். 1994லயே 4444 பேரை வச்சு செஞ்ச ஆய்வுல ஸ்டேட்டின் இறப்பை 30% குறைச்சிருக்கு. அதைத்தான் நெட்ல எதையாவது படிச்சிட்டு பாதில நிறுத்திட்டு வந்து நிக்கறாங்க, எனக்கு வர்ற கோவம் இருக்கே.

சரி, அப்ப ஸ்டென்ட் எதுக்கு? வலிக்கு. அதே இஸ்கீமியா ட்ரையல்ல தினமும் இல்ல வாரா வாரம் வலி இருந்தவங்கள்ல, ஒரு வருஷம் கழிச்சு வலியே இல்லாதவங்க ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் 50%, மாத்திரை பக்கம் 20%. தம்பி படிக்காம விட்ட பாதி இது.

இதுலயும் ஒரு கொக்கி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு, ஆர்பிடா. 200 பேரை ஆஞ்சியோ பண்ற ரூம் (கேத் லேப்) டேபிள்ல படுக்க வச்சு, காதுல ஹெட்ஃபோன் மாட்டி பாட்டு போட்டு, மயக்க மருந்து குடுத்து, பாதிப் பேருக்கு நிஜ ஸ்டென்ட், பாதிப் பேருக்கு வச்ச மாதிரி சும்மா படுக்க வச்சு அனுப்பிட்டாங்க. யாருக்கு எதுன்னு பேஷன்ட்டுக்கும் தெரியாது, அப்புறம் பாக்கற டாக்டருக்கும் தெரியாது. ஆறு வாரம் கழிச்சு ட்ரெட்மில்ல ஓட விட்டா வித்தியாசம் வெறும் 16.6 செகண்ட்! எல்லாரும் ஏற்கனவே நல்லா மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தவங்க, அதான் விஷயம். அப்புறம் 2023ல அதே டீம் நெஞ்சு வலிக்கான மாத்திரையை நிறுத்திட்டு 301 பேருக்கு செஞ்சாங்க, அப்ப ஸ்டென்ட் வலியை நிஜமாவே குறைச்சிது, ஆனா பாதிக்கும் மேல ஆளுங்களுக்கு கொஞ்சமாவது வலி மிச்சம் இருந்துச்சு.

அதனால உங்க வீட்டுல கேக்க வேண்டிய கேள்வி மாடி ஏற முடியாதது அப்பாவை எவ்வளவு படுத்துதுங்கறதுதான். 80%ங்கற நம்பரைப் பாத்து பயப்படறதை விடுங்க. மாத்திரையை ஒழுங்கா ரெண்டு மூணு மாசம் எடுத்துப் பாத்து, அதுலயே சரியானா அப்படியே போகலாம். சரியாகலன்னாலோ, ஆயுசு முழுக்க நெஞ்சு வலி மாத்திரை முழுங்க எனக்கு இஷ்டமில்லன்னு அவரே சொன்னாலோ ஸ்டென்ட் தப்பே இல்ல. தேர்வு அவரோடது, தம்பியோடதும் இல்ல என்னோடதும் இல்ல.

ஆனா இந்தக் கணக்கு சிலருக்குப் பொருந்தாது. இடது பக்கம் ஆரம்பத்துல இருக்கற பெரிய குழாய், லெஃப்ட் மெயின்னு ரிப்போர்ட்ல இருக்கும், அதுல 50%க்கு மேல அடைப்பு இருந்தவங்களையும், பம்பிங், அதாவது இதயம் ரத்தத்தைத் தள்ளற திறன், 35%க்கு கீழ இருந்தவங்களையும் அந்த ட்ரையல்லயே சேக்கல. சுகர் இருந்து மூணு குழாயும் அடைச்சிருந்தா பைபாஸ் பத்தி பேசணும், அது வேற கதை. நீங்க ஒரு குழாய்தான் சொல்லியிருக்கீங்க, லெஃப்ட் மெயின் சுத்தமா இருக்கான்னு ரிப்போர்ட்ல பாருங்க. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாங்களா, பம்பிங் எவ்வளவுன்னு எழுதவே இல்லையே.

நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை குடுத்திருந்தா உக்காந்துட்டு வைக்கச் சொல்லுங்க, நின்னுட்டே வச்சா பிரஷர் இறங்கி தலை சுத்தி விழுந்துடுவாரு. ஆண்மைக்கான மாத்திரை எதுவும் எடுக்கறாரான்னு கேக்கணும், ரெண்டும் சேந்தா பிரஷர் ஆபத்தா இறங்கும். நீங்க கேக்க வேணாம், தம்பியைக் கேக்கச் சொல்லுங்க.

சும்மா உக்காந்திருக்கும்போதே வலி வந்தாலோ, முன்ன ரெண்டு மாடில வந்தது இப்ப பத்து படியிலயே வந்தாலோ இது ஸ்டேபிள் இல்லன்னு அர்த்தம், அன்னைக்கே போய் காட்டணும். மாத்திரை வச்சு அஞ்சு நிமிஷத்துல குறையலன்னா, வேர்த்துக் கொட்டினா நேரா ஆம்புலன்ஸ், அவரே வண்டி ஓட்டிட்டு போகக் கூடாது. எக்கோ ரிப்போர்ட்டும் இப்ப எடுக்கற மாத்திரை லிஸ்ட்டும் அனுப்புங்க, பாத்துட்டு மிச்சத்தை எழுதறேன்.