காலி தொட்டிய ஆறு வாரம் பாத்துக்கிட்டு இருக்கணும்

அண்ணா வணக்கம். நாலு வருஷமா கப்பி, மோலின்னு நல்லதண்ணி மீன் வளக்குறேன். இப்ப கடல் மீன் மேல ஆசை. 40 லிட்டர் தொட்டி ஒண்ணு சும்மா கிடக்கு, கையில காசு கம்மி. ஸ்கிம்மர் (தண்ணியில இருக்குற அழுக்க நுரையா பிரிச்செடுக்குற கருவி), பெரிய லைட்டு இல்லாம முடியாதுங்குறாங்க. ஒரு ஜோடி க்ளவுன் மீன் போதும் எனக்கு, அதுகூட முடியாதா?
– ஒரு வாசகர்

தம்பி,

முடியும். ஸ்கிம்மர் வேண்டாம், இவ்ளோ சின்ன தொட்டிக்கு வாரம் நாலஞ்சு லிட்டர் தண்ணி மாத்துனாலே போதும். பவளம் வைக்கலன்னா சாதாரண லைட்டே தாராளம். 40 லிட்டர் ஒரு ஜோடிக்கு கொஞ்சம் நெருக்கம்தான், பழைய தொட்டி 80 லிட்டர்ல கிடைச்சா எடுத்துக்கோ, தண்ணி எவ்ளோ கூடுதோ அவ்ளோக்கு நம்ம தப்ப தாங்கும்.

மிச்சப்படுத்துன காச மூணு விஷயத்துல போடு: ஆர்ஓ தண்ணி, அம்மோனியா நைட்ரைட் டெஸ்ட் கிட், தண்ணியில உப்பு எவ்ளோன்னு காட்டுற ரெஃப்ராக்டோமீட்டர். முள்ளு ஆடுற ஹைட்ரோமீட்டர் வாங்காத, முள்ளுல ஒரு குமிழி ஒட்டுனாலே தப்பா காட்டும். உப்பு லிட்டருக்கு சுமார் 35 கிராம், மீட்டர்ல அடர்த்தி 1.025 வரணும். சமையல் உப்பு ஆகாது, மீன் தொட்டிக்குன்னே வர்ற கடல் உப்புதான். தனி பக்கெட்ல கலக்கி ஒரு நாள் பம்பு ஓடவிட்டு அப்புறம் ஊத்து.

நல்லதண்ணி ஆளுங்க எல்லாரும் மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நான் முதல் தொட்டியில குறையுற தண்ணிக்கு உப்புத்தண்ணியே ஊத்திக்கிட்டு இருந்தேன், ரெண்டு மூணு வாரத்துல நத்தைங்க ஒவ்வொண்ணா கண்ணாடியில இருந்து விழுந்து மணல்ல மல்லாந்து கிடந்துச்சு, மீட்டர் வச்சுப் பாத்தா 1.033. ரெண்டு நத்தைதான் தப்புச்சு, இன்னும் மனசுல இருக்கு அது. கண்ணாடியில தண்ணி மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டிரு, தினமும் காலையில அந்தக் கோடு வரைக்கும் வெறும் ஆர்ஓ தண்ணி மட்டும்.

அடுத்தது பொறுமை, அதுக்கு காசே கிடையாது. கல்லு, மணல், பம்பு வச்சு தண்ணி ஊத்துனதும் ஒரு சின்ன துண்டு பச்சை இறால் போடு. அது அழுகி அம்மோனியா ஏறும், அத தின்னுற பாக்டீரியா கல்லுல வளரும், நைட்ரைட் ஏறும், அப்புறம் ரெண்டும் ஜீரோவுக்கு வரும். நாலுல இருந்து ஆறு வாரம் ஆகலாம். நடுவுல மணலெல்லாம் பழுப்பா தூசி படிஞ்ச மாதிரி ஆகும், அது டயாட்டம்னு ஒரு நுண்பாசி, பயப்படாத, மருந்து எதுவும் ஊத்தாத, தானா போயிரும். இப்படி பாக்டீரியாவ வளக்குறதத்தான் சைக்கிள் பண்றதுன்னு சொல்வாங்க; இறாலுக்கு பதிலா டாம்செல்ங்குற சின்ன கடல் மீன விட்டு சைக்கிள் பண்ணுன்னு யாராவது சொன்னா கேக்காத. அம்மோனியாவுல செவுள் வெந்து அது படுற பாடு பாக்க முடியாது, பொழைச்சாலும் பின்னாடி வர்ற க்ளவுன விரட்டி விரட்டி கடிக்கும்.

க்ளவுன் வாங்குறப்ப தொட்டியிலயே பொரிச்சு வளத்த குஞ்சான்னு கேட்டு வாங்கு. பெல்லட் போட்டா தின்னுதான்னு நின்னு பாத்துட்டு எடு. கடல்ல புடிச்சது பல நேரம் நோயோட வரும், அத கடல்லயே விட்டுர்றதுதான் நியாயமும். கூடவே அனிமோன் (க்ளவுன் ஒளிஞ்சு வாழுற, பூ மாதிரி இருக்குற கடல் பிராணி) வேணும்னு தோணும், வேண்டாம். க்ளவுன் அது இல்லாமலே நல்லா இருக்கும், அனிமோனுக்கு நல்ல லைட்டும் பழகுன தொட்டியும் வேணும், இல்லன்னா நகந்து போயி பம்புல மாட்டி சாகும், தொட்டித் தண்ணியே கெட்டுரும்.

இறால் போட்ட நாள குறிச்சு வை. அம்மோனியா, நைட்ரைட் அளவ ரெண்டு நாளைக்கு ஒருதடவ எழுதிக்கிட்டே வா, ரெண்டும் ஜீரோன்னு வந்ததும் அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பு, பாத்துட்டு சொல்றேன், அப்புறம் மீன் வாங்கலாம்.